ஒரே தண்ணீருக்கு இரண்டு பெயர்

இன்று காலை புது மூட்டையைப் பிரித்து அரிசி களைந்தபோது அந்த வாடை வந்தது. சமையலுக்கு வரும் செல்விக்கு அது தெரியவில்லை. "நல்ல அரிசிதாம்மா, பழைய அரிசின்னு சொல்லித்தான் கடைக்காரரு குடுத்தாரு" என்றாள். பழைய அரிசியின் வாசனை வேறு, ஊறல் வாடை வேறு. நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றாமல் அப்படியே அவித்துக் காயவைத்தால், எத்தனை முறை தீட்டினாலும் அரிசியை விட்டுப் போகாத வாடை அது. மூட்டையைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள். கையைக் கழுவிய பிறகும் நான் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்திருந்தால், "மதர், உன் மூக்குக்கு மட்டும் வயசே ஆகல" என்று சொல்லியிருப்பீர்கள்.

என்னை "மதர்" என்று கூப்பிட்டவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். தஞ்சாவூர் கான்வென்ட்டில் படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டதற்கு நீங்கள் வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொண்ட சலுகை அது. நானோ உங்களை எந்தப் பெயரிலும் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. "என்னங்க" என்பதை ஒரு பெயராக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதனால் இந்த மடலும் பெயரில்லாமல்தான் தொடங்கியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில், கொல்லைக்குப் பின்னால் ஓடிய தண்ணீரைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். "வடிகால்" என்றீர்கள். எனக்கு அந்தச் சொல்லுக்குச் சாக்கடை என்ற ஒரே பொருள்தான் தெரியும். பள்ளியில் வடிகால் பக்கம் போய் நின்றாலே சிஸ்டர் காதைத் திருகுவார். ஆகவே ஊரே குளித்துக்கொண்டிருந்த அந்தத் தண்ணீரில் நான் காலை நனைக்க மறுத்துவிட்டேன். படித்த திமிர் என்று தெருவில் பேச்சு வந்தது. ஒருநாள் சாயங்காலம், "செருப்பைப் போட்டுக்கிட்டு வா" என்று மட்டும் சொல்லி, கரையோடு கூட்டிப் போனீர்கள்.

குறுவை அறுப்பு முடிந்திருந்த நேரம். இரண்டு கரையிலும் நாணல் பூத்திருந்தது. தெளிந்த தண்ணீரில் அயிரை மீன்கள் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு, முன்னேறாமலும் பின்வாங்காமலும் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தன. ஊர் எல்லையில் ஒரு மதகு. அதைத் தாண்டியதும் கீழூர். அங்கே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, உங்கள் வயதொத்த ஒருவர் மதகுப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார். உங்கள் சிநேகிதர் ராவுத்தர்.

"இது என்னன்னு அவர்கிட்ட கேளு" என்றீர்கள். கேட்டேன்.

"எங்க வாய்க்கா. வேறென்ன தங்கச்சி?" என்றார் அவர்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். "நம்ம வயல்ல வடியறதுதான் இவங்க வயலுக்குப் பாயுது. நமக்கு வடிகால், இவங்களுக்கு வாய்க்கால். ஒரே தண்ணிக்கு ரெண்டு பேரு, மதர்."

"மாப்ளே குளிச்ச தண்ணியிலதான் தங்கச்சி எங்க வீட்டுச் சோறு வெளையுது" என்றார் ராவுத்தர். "அதான் எங்கூட்டு அரிசி கொஞ்சம் உப்புக் கரிக்குது."

அன்று முதல் நான் அவருக்குத் தங்கச்சி, நீங்கள் மாப்பிள்ளை. திரும்பி வரும் வழியில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். நீங்கள் அதைக் கவனிக்காதது போல முன்னால் நடந்தீர்கள். அதற்காக உங்களை எனக்குப் பிடித்தது.

நம் ஊரில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. யார் தன் வயலை வடித்தாலும் முதலில் கீழூருக்கு ஓர் ஆள் போவான். "எங்காளுங்க வடிக்கிறாங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அவர்கள் தங்கள் பயிரின் நிலையைப் பார்த்துப் பலகையைத் திறப்பார்கள், அல்லது போடுவார்கள். எதற்கும் விதி கேட்பவள் அல்லவா நான், "சொல்லாமல் வடித்தால் என்ன தண்டனை?" என்று கேட்டேன். "தண்டனை ஒண்ணும் இல்ல. மறுநாள் டீக்கடையில அந்த ஊர்க்காரன் மூஞ்சியப் பாக்கணும், அதான்" என்றீர்கள்.

பிறகு வந்தவை கட்சிக் கொடிகளின் காலங்கள். சென்னையில் ஆட்சி மாறியது. தெருவுக்குத் தெரு கம்பம் நட்டார்கள். நிலம் வைத்திருந்த நம் மேலத்தெருவில் ஒரு நிறம், கூலியாட்களின் கீழத்தெருவில் சிவப்பு. நில உச்சவரம்பு என்றார்கள், குத்தகைப் பதிவு என்றார்கள், கூலிக்குச் சட்டம் என்றார்கள். இவற்றில் பலவும் என்றைக்கோ வந்திருக்க வேண்டியவை. உங்களுக்கும் அது தெரியும். ஆனால் மிராசுதார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது உங்களுக்கு எளிதாக இல்லை. அதே காலத்தில் லாரிகளில் புது விதையும் உரமும் மருந்துத் தகரங்களும் கடனில் வந்து இறங்கின. அறுவடைக் களத்தில் போலீஸ் நின்றது.

அந்தச் சண்டையில் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. மேட்டூர் அணை திறக்கும் முன்பு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் வாரிய வடிகால் அது. "நிலம் உங்களுது, நீங்களே வாருங்க" என்றது கீழத்தெரு. "கொடி பிடிக்கத் தெரிஞ்ச கைக்கு மம்பட்டி பிடிக்கத் தெரியாதா?" என்றது மேலத்தெரு. பொதுப்பணித்துறை பார்த்துக்கொள்ளும் என்றது சர்க்கார். மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தில் நெய்வேலி காட்டாமணக்குப் புதர் முளைத்தது. கீழூருக்குச் சொல்லிவிடும் வழக்கமும் நின்றுபோனது. நிறுத்துவதென்று ஒருவரும் முடிவு செய்யவில்லை. சொல்லப் போனவன் எப்போதும் யாரோ ஒருவர் வீட்டுப் பண்ணையாள். இனிமேல் சும்மா ஓட முடியாது என்று அவன் சொன்னான். அவன் சொன்னதில் பிழையில்லை. அவனுக்குப் பதிலாக நாம் யாரும் நடந்து போகவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் ஊராட்சித் தலைவராக இருந்த அந்தச் சமயத்தில்தான் புழுங்கல் அரிசி மில் கட்டுவதற்கு அனுமதி கேட்டு ஒருவர் வந்தார். டவுனில் இருந்து வந்தவர், கட்சிக் கரை வேட்டி. நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "அண்ணே, கீழத்தெரு சனங்களுக்கு வருஷம் முழுக்க வேலை. நாத்து நட்டுக் களை பறிச்சா ஆச்சா?" என்றார்.

"ஊறல் தண்ணிய எங்க விடுவீங்க?" என்று கேட்டீர்கள்.

"அதான் பின்னாடியே ஓடுதே, வடிகாலு. சர்க்கார் வரைபடத்துலயே வடிகால்னுதான் போட்டிருக்கு. வடிகால்ல கழிவ விடாம காப்பியாண்ணே விடுறது?"

நான் காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தேன். "காப்பின்னாகூடப் பரவாயில்லைங்க. கீழூர்க்காரங்க குடிப்பாங்க" என்றேன். நீங்கள் இருமினீர்கள். அது இருமல் இல்லை என்று மில்காரருக்கும் தெரிந்தது.

அந்த வாரமே ராவுத்தர் சைக்கிளில் வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "மாப்ளே, பக்கத்து தாலுகாவுல ஊறல் தண்ணி போற வாய்க்காலப் பாத்துட்டு வர்றேன். கறுப்பாப் போவுது. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. வெரால் வயித்தக் காட்டிக்கிட்டு மெதக்குது. இங்கயும் அப்படி ஆச்சுன்னா நான் எங்க போய்க் கேக்குறது? ஒங்க ஊர் பஞ்சாயத்துல எனக்கு ஓட்டுகூடக் கெடையாதே."

"எனக்கு இருக்குல்ல?" என்றீர்கள்.

"இருக்கு. ஆனா ஒங்களுக்கு ஓட்டுப் போடுறவன் நான் இல்லையே மாப்ளே."

மேலே இருப்பவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள். எந்தச் சட்டத்திலும் இதற்கு ஒரு வரி இல்லை.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. மாதர் சங்கத் தலைவி என்ற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது. கீழத்தெருக்காரர்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அது அப்போது புதிது. நம் பங்காளிகள் அந்தப் பெஞ்சின் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் எழுந்து தண்ணீரைப் பற்றிப் பேசினீர்கள். நன்றாகத்தான் பேசினீர்கள். மேலூரின் கடமை, கீழூரின் பயிர், ஆடு மாடு, மீன். நான் மனத்துக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை எழுந்தாள். கீழத்தெருவின் நடவுக்குழுவுக்கு அவள்தான் தலைவி. விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் அவள் பேச்சு எடுபடும். அவள் தாய் உங்கள் அப்பாவை "ஆண்டே" என்பாள். அஞ்சலை உங்களை "அய்யா" என்றாள். கோபம் வந்தால் "தலைவரே".

"தலைவரே, ஒரு கேள்வி. மில்லு வந்தா எங்க புள்ளைங்க நெழல்ல நின்னு வேல பாக்கும். சேத்துல குனிஞ்சு முதுகு ஒடைய வேண்டியதில்ல. இப்பப் பாத்து ஒங்களுக்குத் தண்ணி மேல பாசம் வருது. தண்ணி கெட்டுப்போவுமேன்னு பயமா, இல்ல நாத்து நட ஆளு கெடைக்காதேன்னு பயமா?"

மில்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். மூத்த பங்காளி உங்கள் பக்கம் குனிந்து, "தண்ணிக்குன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தீர்கள். "ரெண்டும்தான் அஞ்சலை" என்றீர்கள்.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

"அப்ப மொத பயத்த நாங்க நம்பணும்னா, ரெண்டாவது பயத்த மொதல்ல தீத்துட்டு வாங்க. எங்க முதுக மலிவா வெச்சுக்கிட்டு வாய்க்காலக் காப்பாத்தப் போறேன்னா, எவ நம்புவா?"

நீங்கள் நின்றுகொண்டே இருந்தீர்கள். உங்கள் வலது கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "சங்கம் கேட்ட கூலிய இந்த நடவுலேருந்து என் வயலுக்கு நான் தர்றேன். மத்தவங்களுக்காக நான் பேச முடியாது" என்றீர்கள்.

மூத்த பங்காளி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஊரான் வாய்க்காலுக்கு நம்ம வீட்டு நெல்லாடா?" கோபத்தில்தான் சொன்னார். ஆனாலும் நம் ஊர்க்காரர் ஒருவர் அதை வாய்க்கால் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அஞ்சலை தன் ஆட்களோடு தலையைச் சேர்த்து வெகுநேரம் பேசினாள். பிறகு எழுந்து, "மில்லு வரட்டும். எங்களுக்கு வேலை வேணும். ஊறல் தண்ணிய அவங்க எடத்துக்குள்ளயே குழி வெட்டி விடட்டும். வெளிய ஒரு சொட்டு வந்துச்சுன்னா நாங்களே உள்ள போவ மாட்டோம்" என்றாள். மில்காரர் உங்களை எதிர்க்கத் தயாராக வந்திருந்தார். வேலைக்கு வரப்போகிறவர்களை எதிர்க்க அவரிடம் பேச்சு இல்லை. அந்த நிபந்தனையோடு அனுமதி கொடுத்தீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் உங்களைத் திட்டினேன். "ரெண்டும்தான் — இது ஒரு பதிலா? எழுவாய் இல்லை, பயனிலை இல்லை. அவ்வளவு அழகாகப் பேசிவிட்டு, கடைசியில் கூலிக்குப் பயந்தவர் என்று ஊரே சிரிக்கும்படி ஆயிற்று."

"பயந்தது உண்மைதானே? உங்க கான்வென்ட்ல பாவமன்னிப்புன்னு ஒண்ணு உண்டே, மதர்."

"அது தனியாக, காதோடு சொல்வது. ஊரைக் கூட்டி வைத்துச் சொல்வதில்லை."

"தனியாச் சொன்னா சாமி மன்னிக்கும். அஞ்சலை மன்னிக்க மாட்டா."

அந்த வருஷம் நம் மகளின் காதணி விழாவுக்குப் பங்காளி வீடுகளில் இருந்து ஒருவரும் வரவில்லை. பந்தலில் காலி நாற்காலிகள். நான் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் குறையாதவள் போல நிமிர்ந்து நின்றேன். ராவுத்தர் குடும்பம் மாட்டுவண்டியில் சீர்த்தட்டோடு வந்து இறங்கியது. "தாய்மாமன் வந்தாச்சு, இனிமே யாருக்குக் காத்திருக்கீங்க?" என்று கேட்டார். கண் கலங்கியதை மறைக்க நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அடுத்த தேர்தலில் தோற்றீர்கள். மேலத்தெரு உங்களைக் கைவிட்டது, கீழத்தெரு தன் ஆளை நிறுத்தியது. இரண்டுமே நியாயம் என்றீர்கள். உங்களோடு வாழ்வது சில நேரம் அலுப்பாகத்தான் இருந்தது.

ஆனால் குழிகள் வெட்டப்பட்டன. மில் ஓடிய காலம் முழுவதும் ஊறல் தண்ணீர் அந்தக் குழிகளுக்குள்ளேயே கிடந்து நாறியது. காற்று திரும்பினால் நம் வீடு வரை வரும். நான் ஜன்னலைச் சாத்துவேன், நீங்கள் திறப்பீர்கள். "நாறட்டும் மதர். இங்க நாறினா கீழூர்ல நாறலன்னு அர்த்தம்" என்பீர்கள். அஞ்சலை மில் களத்தில் நெல் காயவைக்கும் வேலைக்குப் போனாள். குழியின் கரை கரைந்தால் முதலில் அவள் குரல்தான் கேட்கும்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை என்பதை உங்களுக்கு நினைவூட்டாமல் விட மாட்டேன். ஒரு சம்பாப் பருவத்தில் ராவுத்தர் ஒரு கூடையோடு வந்து நம் வாசலில் வைத்தார். கூடை நிறையச் செத்த கெண்டை. "மாப்ளே, மில்லுக்காரனக் கட்டிப் போட்டீங்க. ஒங்க வீட்டு மருந்துத் தகரத்த யாரு கட்டுறது?" என்றார். முந்தின நாள் பூச்சிக்கு மருந்து அடித்துவிட்டு, மழை வந்ததும் நீங்கள் வயலை வடித்திருந்தீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வடிப்பதற்கு முன் நீங்களே சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழூருக்குப் போனீர்கள். ஐப்பசித் தூறலில், வேட்டியின் பின்பக்கமெல்லாம் சேறு தெறிக்க, குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கரையோடு போகும் உங்கள் முதுகு எனக்கு இன்னும் தெரிகிறது. உங்களுக்குக் குடையும் சைக்கிளும் ஒன்றாக வராது. இரண்டு முறை விழுந்தீர்கள்.

மில் எப்போதோ மூடிவிட்டது. இப்போது அரிசி நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய ஆலைகளில் இருந்து வருகிறது. ராவுத்தரும் போய்விட்டார், அஞ்சலையும் போய்விட்டாள். பங்காளிகளின் பேரப்பிள்ளைகள் என்னிடம் நன்றாகவே பேசுகிறார்கள், ஏன் பேசாமல் இருந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. வடிகால் மட்டும் அப்படியே கிடக்கிறது. தண்ணீர் தெரியாத அளவுக்கு வெங்காயத்தாமரை. மழைக்காலத்தில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நம் வயலில் நிற்கிறது, கோடையில் கீழூருக்குப் போய்ச் சேர்வதில்லை.

போன மாதம் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனேன். ராவுத்தர் மகன் தன் காரில் கூட்டிப்போனான். வளைகுடாவில் இருந்து திரும்பி வந்து, கீழூர் நிலத்தைத் தானே பார்க்கிறான். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஊருக்காக, விவசாயத்துக்காக, வருங்காலச் சந்ததிக்காகப் பேசினார்கள். இளவயது அதிகாரி மரியாதையாகத் தலையாட்டினார். எதையும் எழுதவில்லை.

என் முறை வந்தது. நம் வடிகாலைத் தூர் வாரக் கேட்டு அந்த அதிகாரியிடம் மனுவை நீட்டினேன். "இது வடிகால் கணக்குல வருதும்மா. இப்ப வாய்க்காலுக்குத்தான் நிதி வந்திருக்கு" என்றார்.

"நீங்க எந்த ஊர்ல நின்னு பாக்கறீங்கங்கறதைப் பொறுத்தது அது" என்றேன். "எழுதிக்குங்க. மழை வந்தா என் வயல் முழுகும். அதுக்காகத்தான் வந்தேன். அதை எழுதிட்டு, அடுத்த வரியில கீழூருக்குத் தண்ணி போகலைன்னு எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்துவிட்டுச் சிரித்தார். "எல்லாரும் ஊருக்காகன்னுதாம்மா சொல்வாங்க. நீங்க மட்டும்தான் உங்களுக்காகன்னு சொல்றீங்க."

"அதைச் சொன்னாத்தான் தம்பி, அடுத்த வரியை நம்புவீங்க."

எழுதினார். வந்து பார்ப்பதாகச் சொன்னார். தூர் வாரப் பொக்லைன் வருமா வராதா, எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அந்த அறையில் அவர் எழுதிக்கொண்ட முதல் மனு நம்முடையது.

வெளியே வந்து காரில் ஏறும்போது ராவுத்தர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அத்தா ராவுத்தரின் அதே குறும்பு.

"என்ன அத்தை, ஒங்க வயலு மொதல்ல, எங்க வாய்க்கா ரெண்டாவதா?"

"வரிசை அப்படித்தான்" என்றேன். "உங்க மாமா போட்ட வரிசை. மாத்தினா ரெண்டும் கிடைக்காது."